மூன்று ஞாயிறு வாசித்த ஓலை

'தயவுசெய்து உங்கள் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிடவும் – சேவியர்.'

கனடாவிலிருந்து வந்த ஒரு வரி இமெயில். நலம் விசாரிப்பு இல்லை. 'அன்புள்ள' இல்லை. சேவியர் யார் என்று சொன்னால்தான் அந்த ஒரு வரியின் கனம் உங்களுக்குப் புரியும்.

என் மனைவி ரெஜினா. அவளுடைய தங்கை லூர்து. லூர்துவின் ஒரே மகள் பிரின்சி. பிரின்சியின் மாமனார்தான் இந்தச் சேவியர். அதாவது சம்பந்தி. அதுவும் புதுச் சம்பந்தி – கல்யாண ஆல்பமே இன்னும் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவு புதுசு.

புதுச் சம்பந்தி 'என் பெயரை நீக்கு' என்று எழுதினால், ஒரு குடும்பம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும்?

நான் வேறு, கொஞ்சமும் யோசிக்காமல் அதை அப்படியே லூர்துவுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டேன். அடையாறிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். எங்கள் ஃபிளாட் மந்தைவெளியில், இரண்டாவது மாடி. முதல் மாடியில் ஏறும்போதே அழுகை கேட்டது.

"என்ன குறை வெச்சோம் அத்தான் அவங்களுக்கு?"

பிறகு அவளே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். ஏர்போர்ட்டுக்கு அனுப்பிய வேனில் ஏசி வேலை செய்யவில்லையே, அதுவா? மாப்பிள்ளை வீட்டாரை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டோமே, அதுவா? பிரியாணியில் பீஸ் கம்மியா? பந்தியைக் கவனித்தது நான். அதனால் பிரியாணி வரை வந்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

ரெஜினா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களின் பார்வை அது. கடைசி பெஞ்சில் யார் விசிலடித்தது என்று அவர்களுக்கு எப்போதும் தெரியும்.

விசிலடித்தது நான்தான். கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

ரெஜினா கான்வென்ட் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என் தமிழைத் திருத்த ஆரம்பித்துவிடுவாளே என்ற பயத்தில், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடு என்று யோசனை சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன நல்ல யோசனை அது ஒன்றுதான். பிடித்துக்கொண்டாள். நமக்குச் சனிக்கிழமை காலை, அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். டொரன்டோ, நியூ ஜெர்சி, இன்னும் எங்கெங்கோ இருந்து ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். 'தாத்தா' என்று சொல்லச் சொன்னால் 'டாட்டா' என்று கையசைக்கிற பிள்ளைகள். அவர்களை 'ழ'கரம் வரை கூட்டி வந்துவிட்டாள்.

வகுப்புக்கான லிங்க் ஒவ்வொரு வாரமும் இமெயிலில் போகும். ஏன், வாட்ஸ்அப் குரூப் இல்லையா என்று கேட்பீர்கள். பள்ளியில் இருந்தபோது பெற்றோர் குரூப்பில் பட்டதே அவளுக்கு ஆயுசுக்கும் போதும். இமெயில் மட்டும்தான் என்பதில் கறார்.

ஒரு நாள் காலை, ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டே, "இன்னொரு பேட்ச் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், ரெண்டு மூணு அம்மாங்க கேட்டிருக்காங்க" என்றாள்.

அதை அவள் என் காதில் போட்டிருக்கக் கூடாது. நான் அந்த நிமிடமே மார்க்கெட்டிங் ஹெட் ஆகிவிட்டேன். யாரும் நியமிக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் பாதித் தலைவர்கள் அப்படித்தானே வருகிறார்கள்?

ரெண்டு மூணு அம்மாக்களா? என்னிடம் ஒரு தங்கச் சுரங்கமே இருந்தது.

பிரின்சி கல்யாணம் இங்கேதான், எங்கள் பங்குக் கோயிலில் நடந்தது. சொந்தத்தில் பாதிப் பேர் வெளிநாட்டில். வர முடியாதவர்கள் லைவ்வில் பார்க்கவும், வந்தவர்கள் பிறகு வீடியோவை வாங்கிக்கொள்ளவும் வீடியோக்காரர் ஒரு ஃபார்ம் போட்டிருந்தார். பெயரும் இமெயிலும் போட்டால் லிங்க் வரும். அந்த விவரமெல்லாம் என்னிடம்தான் வந்து விழுந்தது. எங்கள் குடும்பத்தில் நான்தான் டெக்னிக்கல் ஆள். ப்ரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்ற ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தனை இமெயிலும் தமிழ்க் குடும்பங்கள். அத்தனை பேரும் வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு 'இதுங்களுக்குத் தமிழே வரலை' என்று அலுத்துக்கொள்கிறவர்கள். இவர்களை விட்டால் வேறு யாருக்கு மெயில் அனுப்புவது?

அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டாமா என்ற கேள்வி எனக்கு வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு வழி என் கண் முன்னாலேயே இருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் என்றால், அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். பூசை முடியும் நேரத்தில், இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கவும் என்று வாசிப்பார்கள். யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். யாரோ இருமினால்கூடப் பெண்ணின் அப்பாவுக்கு வேர்க்கும். மூன்று ஞாயிறும் கோயில் மௌனமாக இருந்துவிட்டால் – கல்யாணம்தான்.

எவ்வளவு அழகான ஏற்பாடு. தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. மௌனம் சம்மதம். கல்யாணத்துக்கே அது போதும் என்றால், கேவலம் ஒரு இமெயிலுக்குப் போதாதா?

ஆக, நானும் ஓலை வாசித்தேன். மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் ஒரு கம்பெனியில் ரெஜினாவின் வகுப்புக்கு ஏற்கெனவே கணக்கு இருந்தது; வார லிங்க்கும் அதிலிருந்துதான் போகும். சுரங்கத்தை அப்படியே அதற்குள் கொட்டினேன். மெயிலின் கடைசியில் இப்படி எழுதினேன்: 'விருப்பம் இல்லாதவர்கள் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் சம்மதம் என எடுத்துக்கொள்ளப்படும்.'

மூன்று ஞாயிறு அனுப்பினேன். மரபு முக்கியம் அல்லவா?

இத்தோடு நிறுத்தியிருந்தால் என்னை வெறும் அப்பாவி என்று சொல்லிவிடலாம். நான் நிறுத்தவில்லை. இரண்டு நகாசு வேலைகள் செய்தேன்.

ஒன்று, அந்த 'அன்சப்ஸ்கிரைப்'. இனி வேண்டாம் என்பவர்கள் அழுத்துவதற்கு மெயிலுக்கு அடியில் ஒரு லிங்க் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அந்தக் கம்பெனி அடம்பிடித்தது. கல்யாண வாசலில் 'வெளியே செல்லும் வழி' என்று போர்டு வைப்பார்களா? எழுத்தைச் சின்னதாக்கி, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை நிறம் கொடுத்துவிட்டேன். இருக்கிறது. ஆனால் இல்லை. இறை அனுபவம் மாதிரி.

இரண்டு, சப்ஜெக்ட் லைன். 'தமிழ் வகுப்புகள்' என்று போட்டால் எவன் திறந்து பார்ப்பான்? நான் போட்டது: 'பிரின்சி திருமணம் – ஒரு முக்கிய அறிவிப்பு.'

திறந்தார்கள். உலகமே திறந்தது. கல்யாணம் முடிந்து சில மாதம் ஆன பிறகு 'முக்கிய அறிவிப்பு' என்று வந்தால் திறக்காமல் எப்படி இருப்பார்கள்? முதல் ஞாயிறே மெல்போர்னிலிருந்து ஒரு பெரியம்மா லூர்துவுக்கு போன் போட்டு, கேட்கக் கூடாததை எவ்வளவு மென்மையாகக் கேட்கலாமோ அவ்வளவு மென்மையாகக் கேட்டிருக்கிறார். லூர்து என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன். பார்த்தாயா, எத்தனை பேர் திறந்து படிக்கிறார்கள் என்று ரெஜினாவிடம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். பச்சை நிறத்தில் ஒரு கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"எத்தனை பேர் சேர்ந்தாங்க?" என்றாள்.

சேர்ந்தவர்களைக் காட்டும் கோட்டை நான் இன்னும் பார்க்க ஆரம்பிக்கவில்லை என்று சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறும் போனது. அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை.

ரெஜினா வழக்கம்போல் காட்டன் புடவை கட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் ஒரு சின்னப் பலகை. அதில் அன்றைய பாடம் எழுதியிருந்தாள். பறவைகளின் பெயர்கள். பிள்ளைகளுக்குக் காட்ட காகத்துக்கு ஒரு படம், மைனாவுக்கு ஒரு படம். நேரமானது. திரையில் அவள் முகம் மட்டும்தான் இருந்தது.

இரண்டு முறை வணக்கம் சொல்லிப் பார்த்தாள், மைக் வேலை செய்கிறதா என்று. நான் என் டெக்னிக்கல் அறிவைப் பயன்படுத்தி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அப்போதும் அவள் முகம் மட்டும்தான்.

வகுப்பு முடியும் நேரம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கச் சொன்னேன். "நடுவுல யாராவது வந்தா டீச்சர் இல்லாம இருக்கக் கூடாது" என்றாள். காகத்தின் படத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

கடைசியில் டொரன்டோவிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். டீச்சர், இன்றைக்கு லீவா? லிங்க் வரவில்லையே என்றார். லிங்க் போயிருக்கிறது. ஆனால் இன்பாக்ஸுக்குப் போகவில்லை. அந்த அம்மா தேடிப் பார்த்தபோது, லாட்டரி விழுந்த மெயிலுக்கும் தலைமுடி வளர்க்கும் தைலத்துக்கும் நடுவில் கிடைத்தது, ரெஜினாவின் 'அன்புள்ள பெற்றோருக்கு'. அதாவது ஸ்பேம் பெட்டியில். எல்லா வீட்டிலும் அதே கதை. வகுப்பை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு வீட்டில் வேறு டீச்சரையே விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

ரெஜினா பலகையைத் துடைத்து வைத்தாள். இவ்வளவு வருஷம் வேலை பார்த்ததில் ஒரு பிள்ளைகூட வராத வகுப்பை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலமே மெயில் கம்பெனியிடமிருந்து கடிதம். உங்கள் மேல் ஏராளமான புகார்கள் வந்திருப்பதால் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம். இந்த முகவரிகள் எப்படிக் கிடைத்தன, அவர்கள் சம்மதித்ததற்கு ஆதாரம் என்ன என்று விளக்கவும்.

ஆதாரமா? கல்யாண ஆல்பம் வந்தால் அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சேவியரின் ஒரு வரி. அதன் பின்னாலேயே அடையாறு ஆட்டோ. இப்போது கதை, லூர்து எங்கள் வீட்டு சோபாவில் அழுதுகொண்டிருக்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

ரெஜினா சொன்னாள்: "போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன்.

சேவியர் பெரம்பூர்க்காரர். டொரன்டோவுக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. ஆனால் போகும்போது எந்தத் தமிழைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனாரோ, அது கசங்காமல் அப்படியே இருக்கிறது. நம் பிள்ளைகள் இங்கே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். மெட்ராஸ் பாஷை வேண்டுமென்றால் இனி கனடாவுக்குத்தான் போன் போட வேண்டும்.

"இன்னா சார், சௌக்கியமா? லூர்து தங்கச்சி எப்டி கீது?" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

தங்கச்சி பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறது என்று சொன்னேன். உறவை முறித்துக்கொண்டதாக மெயில் அனுப்பினீர்களே என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அட இன்னா சார் நீங்க. அட்ரஸ வெட்டுங்கன்னா உறவ வெட்ட சொன்னேன்னு சொல்லிக்கினு கீறீங்க. தங்கச்சி, அழுவாதம்மா. உன் வூட்டு பிரியாணி வாசன இன்னும் கையில கீது."

லூர்து அழுகையை நிறுத்தினாள். நான் பிரியாணி விஷயத்தில் தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் தெரிந்தது, சேவியருக்கு அங்கே வேலை ஒரு பெரிய கடையின் மெயில் அனுப்பும் பிரிவில் என்று. வெளியே போகிற ஒவ்வொரு விளம்பர மெயிலும் சட்டப்படி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. உலகத்தில் எத்தனையோ சம்பந்திகள் இருக்க, எனக்குப் போய் இப்படி ஒருவர்.

"மத்தவங்கல்லாம் இன்னா பண்ணாங்க தெரியுமா சார்? ஸ்பேம்னு ஒரு பட்டன் கீது, அத்த அமுக்கிட்டு கம்முனு பூட்டாங்க. உங்க மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல சங்கடம். மெஷினாண்ட சொல்றதுக்கு இன்னா சங்கடம்? நானும் அமுக்கிருப்பேன். அமுக்குனா டீச்சரம்மா பேருதான் கெடும், அவங்க மெயிலெல்லாம் ஸ்பேமுக்கு பூடும்னு தெரிஞ்சிதான் எழுதுனேன்."

நான் ஓர் எதிரியைத் தேடிக்கொண்டு போன் போட்டேன். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு என்மேல் அக்கறை வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான் என்று தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். நம் ஆட்களால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? பந்தியில் இலையின் மேல் இரண்டு கையையும் விரித்துப் பிடிப்போமே தவிர, வாய் 'போதும் போதும்... சரி, கொஞ்சம்' என்றுதானே சொல்லும்? கல்யாண வீடியோ அனுப்பிய வீட்டுக்காரர், அதே வீட்டுக்காரர், தமிழ் வகுப்புக்குக் கூப்பிடுகிறார். எந்தப் பெரியம்மா 'இனி அனுப்பாதே' என்று பதில் எழுதுவார்? வெளியே போகும் கதவு இருந்திருந்தால், சத்தமில்லாமல் அதன் வழியே போயிருப்பார்கள். அதற்குத்தான் நான் வெள்ளை அடித்துவிட்டேனே. அதனால் சுவரை இடித்துக்கொண்டு போனார்கள். அன்சப்ஸ்கிரைப் என்பது மெயில் அனுப்புகிறவனுக்கு அவமானம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை, அது இரண்டு பேருடைய மானத்தையும் காப்பாற்றுகிற கதவு.

சேவியரிடம் விட்டுக்கொடுக்காமல் என் ஓலை வாதத்தை எடுத்து வைத்தேன். மூன்று ஞாயிறு அறிவித்தேன், யாரும் தடை சொல்லவில்லை, மௌனம் சம்மதம்தானே?

அவர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரியாம். அமெரிக்காவில் சட்டம் கொஞ்சம் என் பக்கம் சாய்கிறது. முதலில் அனுப்பலாம், வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும். ஆனால் அங்கேயும் வேண்டாம் என்று சொல்வதற்கு வழி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், அனுப்புகிறவரின் தபால் விலாசம் இருக்க வேண்டும், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று சப்ஜெக்ட் லைன் இருக்கக் கூடாது. இந்த மூன்றிலும் நான் தேறவில்லை. கனடாவில் அந்தப் பேச்சே இல்லை. சம்மதம் கேட்டு வாங்கிய பிறகுதான் அனுப்பவே முடியும். பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகாது. நம் ஊரில் இமெயிலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் தனிநபர் தகவல்களுக்காக வந்திருக்கும் புதுச் சட்டம் இந்தக் கனடாப் பக்கம்தான் நிற்கிறது – எதற்காகக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்குவதும் கொடுத்த அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும்.

அபராதம் உண்டா என்று மெதுவாகக் கேட்டேன். சொன்னார். அந்த சைபர்களை எண்ணி முடிப்பதற்குள் எனக்கு ஒரு வழி தோன்றிவிட்டது.

"சொந்தக்காரங்களுக்குள்ள அனுப்பினா விலக்கு உண்டா?"

"கீது" என்றார்.

"அப்ப சரியாப் போச்சு. நாம எல்லாரும் ஒரே குடும்பம்தானே."

"சார், சட்டத்துல குடும்பம்னா புருசன், பொண்டாட்டி, பெத்தவங்க, புள்ளைங்க. அவ்ளோதான் கதை. கல்யாணத்த லைவ்ல பாத்தவங்கள்லாம் சொந்தம்னு கனடா ஒத்துக்காது."

இவ்வளவு சின்னக் குடும்பத்தை வைத்துக்கொண்டு அந்த நாட்டில் பந்திக்கு ஆள் எப்படிச் சேர்க்கிறார்களோ?

அவர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "ஓலைய மட்டும் சொல்றீங்களே, அப்புறம் நடந்தத மறந்துட்டீங்களா? கோயிலே கம்முனு கீதுன்னு ஃபாதர் தாலிய எடுத்துக் குடுத்துட்டாரா? நம்ம புள்ளைங்க ரெண்டும் வாயத் தொறந்து சொன்ன பொறவுதானே குடுத்தாரு?"

உண்மை. மறக்கவே முடியாத காட்சி அது. மாப்பிள்ளை ஆல்வின் கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் சுத்தமாக வராது. ஆனால் ஃபாதர் கேட்கும்போது தமிழில்தான் பதில் சொல்வேன் என்று பிடிவாதம். முந்தின நாள் சாயங்காலம் ரெஜினாதான் அவனை உட்காரவைத்து ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் ஃபாதர் கேட்டு முடிப்பதற்குள், மைக்குக்குள்ளேயே போய்விடுவது போல், "ஸம்மதம்!" என்று போட்டான் ஒரு போடு. ஸ்பீக்கர் அலறியது. கோயிலே சிரித்தது. பிரின்சி வெட்கத்தில் பூச்செண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அதாவது, ஊருக்குப் போடுகிற அறிவிப்புக்கு ஊரின் மௌனம் போதும். யார் தலையில் விழப்போகிறதோ, அவர் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டம் கனடாவில் பிறந்தது என்று நினைத்தேன். என் பங்குக் கோயிலில் நானே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன் – எனக்குச் சாதகமான பாதியை.

நானும் ஒன்றும் விவரமில்லாதவன் அல்ல, பாதிக்கப்பட்டவன்தான். தி.நகரில் ஒரு சட்டை வாங்கினேன். பில் போடுகிற இடத்தில் "போன் நம்பர் சொல்லுங்க சார்" என்றார் அந்தப் பெண். மனப்பாடச் செய்யுள் போல ஒப்பித்தேன். எதற்கு என்று கேட்டேனா? அன்றிலிருந்து ஆடி, தீபாவளி, புத்தாண்டு, பொங்கல் என்று அந்தக் கடை என்னை மறந்ததே இல்லை. என் பிறந்த நாளை ரெஜினா மறந்த வருஷம்கூட அந்தக் கடை மறக்கவில்லை. 'லோன் வேணுமா சார்' என்று மத்தியானத் தூக்கத்தில் எழுப்புகிறவர்களை நான் திட்டியதை எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சிடாது. அப்பேர்ப்பட்ட நான்தான், வாய்ப்புக் கிடைத்ததும், மெல்போர்ன் பெரியம்மாவை எழுப்பினேன்.

எல்லாருக்கும் ஒரு மன்னிப்பு மெயில் அனுப்பிவிடட்டுமா என்று சேவியரிடம் கேட்டேன்.

"அனுப்பிடாதீங்க சார். அதுவும் ஸ்பேம்தான்."

ஆகவே, பிரின்சி கல்யாணத்தை லைவ்வில் பார்த்த அன்பர்களே, இந்தப் பத்திதான் அந்த மன்னிப்பு. நீங்களாக விரும்பிப் பக்கத்தைத் திறந்து படித்திருக்கிறீர்கள். சட்டப்படி நான் இப்போது பத்திரமாக இருக்கிறேன்.

போனை வைத்ததும் ரெஜினா லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். "அழிங்க."

அழித்தேன். சுரங்கம் ஒரே பொத்தானில் மூடிக்கொண்டது. மெயில் கம்பெனிக்கு விளக்கம் நான் எழுதுகிறேன் என்றேன். மூன்று பக்கத்துக்கு ஓலை வழக்கத்தையும் தமிழ்ப் பண்பாட்டையும் சேர்த்து எழுதுவதாகத் திட்டம். அவள் விடவில்லை. அவளே எழுதினாள். இவை ஒரு திருமணத்துக்காகக் கொடுக்கப்பட்ட முகவரிகள், யாரிடமும் கேட்கவில்லை, அழித்துவிட்டோம், இனி கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும்தான் எழுதுவோம். நாலே வரி. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. கணக்கு திரும்பக் கிடைத்தது.

பழைய பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒவ்வொருவராக அவளே போன் செய்தாள். ஸ்பேம் பெட்டியைத் திறந்து, டீச்சரை வெளியே எடுத்து விடுங்கள் என்று சொன்னாள். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாரையோ ஜாமீனில் எடுப்பது மாதிரியே இருந்தது. வேறு டீச்சரை விசாரித்த வீட்டார் மட்டும் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைக்கு 'ழ' நன்றாக வந்துகொண்டிருந்தது என்று அப்புறம் இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

புது பேட்ச்சுக்கு? சேவியர் தான் போகிற கோயிலின் அறிவிப்புப் பலகையில், அங்கே கேட்டுக்கொண்டு, ஒரு சின்னத் தாளை ஒட்டினார். விருப்பமுள்ளவர்கள் இந்தப் பக்கத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்து, 'எனக்கு மெயில் அனுப்பச் சம்மதம்' என்ற கட்டத்தில் தாங்களே டிக் போட வேண்டும். ரெஜினா அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் வைத்தாள். நான் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கலாமே என்றேன். அந்தப் பார்வையை ஏற்கெனவே வர்ணித்துவிட்டேன்.

என் சுரங்கத்தில் இருந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால், வந்தவர்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்குவார்கள். ஆனால் பாருங்கள், அத்தனை பேரும் வந்தார்கள்.

போன சனிக்கிழமை முதல் வகுப்பு. காட்டன் புடவை, பலகை, காகம், மைனா. நான் பின்னால் கதவோரம் நின்றுகொண்டேன், எதையும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. திரையில் முதல் கட்டத்தில் ஒரு ரெட்டை ஜடை. அடுத்து, பல் விழுந்த ஒரு பையன். ஒவ்வொரு கட்டமாக முளைத்தது. கடைசிக் கட்டத்தில் தாடி வைத்த ஒரு முகம். பிள்ளையை உட்காரவைக்க வந்த அப்பா என்று நினைத்தேன். முகம் நகரவில்லை.

ஆல்வின்.

மாப்பிள்ளைக்கும் என் மூன்று ஓலையும் போயிருக்கிறது. கல்யாண வீடியோ கேட்டு அவனும் ஃபார்ம் நிரப்பியிருந்தானே. ஆனால் அவன் திறக்கவே இல்லை. ஏன் என்றால் – இதை எழுதவே கை கூசுகிறது – தமிழ் படிக்கத் தெரியாதவர்களைத் தமிழ் படிக்க அழைக்கும் அந்த மெயிலை நான் தமிழில் எழுதியிருந்தேன். ஏதோ மோசடி மெயில் என்று ஒதுக்கிவிட்டானாம். அப்பா சொல்லிச் சிரித்த பிறகுதான் விஷயமே தெரிந்து, தேடிப்போய்க் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறான்.

ரெஜினா அவனைத் தனியாகக் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாகக் கேட்டாள்: தமிழ் படிக்க வந்திருக்கிறீர்களே, அம்மா அப்பா சொன்னதற்காகவா, உங்களுக்கே சம்மதமா? பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மௌனம்.

கடைசிக் கட்டம் மைக்கைத் திறந்தது.

"ஸம்மதம்!"

லேப்டாப் அலறியது. ரெட்டை ஜடை சிரித்தது, பல் விழுந்தவன் அதைவிடச் சத்தமாகச் "சம்மதம்" என்றான், அப்புறம் ஒவ்வொரு கட்டமாக. ரெஜினா பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏதோ எழுதுவது மாதிரி. பலகையில் எழுத ஒன்றும் பாக்கி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வகுப்பு முடிந்ததும் ஓர் அறிவிப்பு வந்தது. மார்க்கெட்டிங் ஹெட் பதவியிலிருந்து நான் நீக்கப்பட்டிருக்கிறேன். ஆட்சேபணை உண்டா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. சட்டம் எந்த நாட்டில் எப்படி இருந்தால் என்ன – எங்கள் வீட்டில் இன்னும் மௌனம்தான் சம்மதம்.